நூலில் தொங்கிய படிகம்: கே.எஸ். கிருஷ்ணன்

பிப்ரவரி 28 வந்தால் எந்தக் கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் தலைப்பாகை கட்டிய அந்த முகம் ஏறிவிடும். தேசிய அறிவியல் நாள். வினாடி வினா, போஸ்டர் போட்டி, சாயங்காலம் சமோசா. ராமன் விளைவு என்றால் என்ன என்று கேட்டால் நம்மில் பாதிப் பேர் ஒரு மாதிரி சொல்லிவிடுவோம். அந்த விளைவைப் பற்றி முதன்முதலில் நேச்சர் இதழுக்குப் போன கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. இரண்டு பேர். சி.வி. ராமன், கே.எஸ். கிருஷ்ணன்.

இந்த இதழில் அந்த இரண்டாவது ஆளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ராமனைக் குறைத்துப் பேசுவதற்காக இல்லை. யூடியூப்பில் அப்படி நிறைய வீடியோ இருக்கு, அதைப் பார்த்துவிட்டு இதைப் படிக்க வந்திருந்தால் உங்களுக்கு ஏமாற்றம்தான். கிருஷ்ணன் ராமனின் உதவியாளர் என்று ஒரு வரியில் முடிப்பதும் தப்பு, ராமனால் ஏமாற்றப்பட்டவர் என்று கண்ணீர் விடுவதும் தப்பு. 1928க்குப் பிறகு அவர் செய்ததைப் பார்த்தால் இரண்டு கதையுமே அவருக்குப் பொருந்தாது என்று தெரியும்.

கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன். 1898 டிசம்பர் 4இல் வத்திராயிருப்பில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர், இப்போது விருதுநகர் மாவட்டம். வயலும் உண்டு, வீட்டில் தமிழும் வடமொழியும் உண்டு. திருவில்லிபுத்தூரில் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, அப்புறம் சென்னை கிறித்துவக் கல்லூரி. அங்கேயே வேதியியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. இயற்பியல் இல்லை, வேதியியல். மதிய உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டி வைத்து இயற்பியல், கணிதம், வேதியியல் என்று எதைக் கேட்டாலும் பேசிக்கொண்டிருப்பாராம். கேட்க வேறு கல்லூரிப் பையன்களும் வருவார்களாம். பாடம் முடிந்ததும் கேன்டீனுக்கு ஓடுகிற நமக்கு இது கொஞ்சம் குத்தும், விடுங்க.

1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போனார். 1923 முதல் பௌபஜார் தெரு 210ஆம் எண்ணில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், ராமனின் ஆய்வுக் குழுவில் ஒருவர். அப்போது அங்கே எல்லோருக்கும் ஒரே பைத்தியம்தான்: ஒளிச் சிதறல். 1921இல் கப்பலில் திரும்பி வரும்போது கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று ராமனுக்கு வந்த கேள்வி, அதன் பிறகு ஆய்வகம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. திரவத்தில் ஒளியைப் பாய்ச்சு, பக்கவாட்டில் சிதறி வருவதைப் பார், அளந்து எழுது. இதே வேலை வருடக்கணக்காக.

இதில் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. 1923இலேயே கே.ஆர். ராமநாதன் அதைப் பார்த்துவிட்டார். உள்ளே அனுப்பிய நிறத்தைத் தவிர, வெளியே வரும் ஒளியில் வேறு நிறமும் மங்கலாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அழுக்காக இருக்கும், ஒளிர்தலாக இருக்கும் என்று நினைத்தார்கள். திரவத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தும் அது போகவில்லை. அப்புறம் கிருஷ்ணனும் பார்த்தார். கிளிசரினில் வெங்கடேஸ்வரன் பார்த்தது இன்னும் விசித்திரம், அங்கே சிதறிய ஒளி பச்சையாக இருந்தது. அளவீட்டில் ஒரு இரைச்சல் வந்தால் நாம் என்ன செய்வோம்? ரெக்கார்டில் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு வளைவரையை அழகாக வரைவோம். இவர்கள் ஐந்து வருஷம் அந்தப் புள்ளியை விடவில்லை.

1928 ஜனவரி கடைசியில் கிருஷ்ணன் கொஞ்ச நாளாகக் கோட்பாட்டு வேலையிலேயே மூழ்கியிருந்தார். ஆய்வாளன் சோதனைச் சாலையை விட்டு ரொம்ப நாள் விலகியிருப்பது உடம்புக்கு ஆகாது என்கிற மாதிரி ராமன் அவரைப் பிடித்துத் தள்ளினார். இது நமக்குத் தெரிவது கிருஷ்ணன் எழுதி வைத்த நாட்குறிப்பால். அந்த பிப்ரவரி மாதப் பக்கங்கள் பின்னாளில் அச்சில் வந்தன. இயற்பியல் வரலாற்றில் ஒரு கண்டுபிடிப்பை நாள்வாரியாகத் தொடர இவ்வளவு நல்ல வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது.

கருவி என்று பெரிதாக எதுவும் இல்லை. லேசர் பிறக்க இன்னும் 32 வருஷம் இருக்கிறது. வெளிச்சத்துக்குச் சூரியன். அதைக் குவிக்க 18 சென்டிமீட்டர் அகலமும் 230 சென்டிமீட்டர் குவியத் தூரமும் கொண்ட தொலைநோக்கி லென்ஸ், அதற்குப் பின்னால் இன்னொரு சின்ன லென்ஸ். கண்ணாடிக் குடுவையில் தூய்மையாக்கிய திரவம். இரண்டு வண்ண வடிகட்டிகள்: ஒன்று நீல-ஊதாவை மட்டும் விடும், இன்னொன்று மஞ்சள்-பச்சையை மட்டும் விடும். சூரிய ஒளிப் பாதையில் இரண்டையும் சேர்த்து வைத்தால் இருட்டு. முதலாவதைத் திரவத்துக்கு முன்னாலும் இரண்டாவதைக் கண்ணுக்கு முன்னாலும் வைத்தால்? சிதறிய ஒளியில் நிறம் மாறவில்லை என்றால் அப்போதும் இருட்டாகத்தான் இருக்கணும். இருட்டாக இல்லை. மங்கலாக ஒரு தடம் தெரிந்தது. அந்தத் தடத்தைப் பார்த்த டிடெக்டர், இருட்டில் பழகிய கிருஷ்ணனின் கண்.

அது வெறும் ஒளிர்தல் இல்லை என்று எப்படிச் சொல்வது? முனைவாக்கத்தைப் பாருங்கள். சாதாரண ஒளிர்தலில் முனைவாக்கம் இருக்காது, இருந்தாலும் கொஞ்சம்தான். கிருஷ்ணன் பிப்ரவரி 7ஆம் தேதி பார்த்தது, தூய திரவங்கள் எல்லாவற்றிலும் இந்த மங்கிய ஒளி வருகிறது, அது வலுவாக முனைவாகியும் இருக்கிறது என்பதை. அன்றைக்கு ராத்திரி ஒன்பது மணி வாக்கில் அவர் வீட்டில் சாப்பிட்டு முடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது கீழே இருந்து ஒரு அழைப்பு. இறங்கிப் போய்ப் பார்த்தால் ராமன் நிற்கிறார், உட்காரக்கூடப் பொறுமை இல்லை. காலையில் பார்த்தது, கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் தாளில் எழுதி வைத்திருந்த, நாம் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்த அந்த விளைவாகத்தான் இருக்கணும் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார். இருவரும் வீட்டு வாசலிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் நின்று பேசினார்கள். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பரிசு, பதக்கம் எல்லாம் அப்புறம். அந்த வாசலில் இருந்தது, ஒரு விஷயம் பிடிபட்ட இரண்டு பேர் மட்டும்தான்.

அப்புறம் வேகம். சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள், எல்லாவற்றிலும் இருந்தது. தூசு நீக்கிய ஆவிகளிலும் இருந்தது. பிப்ரவரி 16 தேதியிட்ட கடிதம் இருவர் பெயரிலும் நேச்சருக்குப் போய் மார்ச் 31 இதழில் வந்தது. 28ஆம் தேதி நிறமாலைமானியில் பார்த்தபோது, சிதறிய ஒளி தனிப் பட்டையாக, நடுவில் இருட்டு இடைவெளி விட்டுத் தெரிந்தது. நாம் கொண்டாடுவது அந்த நாளை. அதற்கடுத்த நேச்சர் கடிதத்தில் ராமன் பெயர் மட்டும். மே மாதம் வந்த கடிதத்தில் மறுபடி இருவர் பெயர். ஜெர்மனியில் பிரிங்ஸ்ஹைம் இதற்கு ராமன் விளைவு என்று பெயர் வைத்தார். அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மண்டெல்ஷ்டாமும் குவார்ட்ஸ் படிகத்தில் இதையே தனியாகக் கண்டுபிடித்திருந்தார்கள், அச்சுக்கு வர அவர்களுக்குத் தாமதமாகிவிட்டது. 1930இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும்.

இது நியாயமா? நேராகவே பேசுவோம். கேள்வி ராமனுடையது, அதை ஏழு வருஷம் துரத்தியவர் ராமன், பார்த்தது என்ன என்று அந்த ராத்திரி சட்டென்று புரிந்துகொண்டவரும் ராமன். சோதனைக் கையும் கண்ணும் கிருஷ்ணனுடையவை, முனைவாக்கம் என்கிற பிடிமானத்தைக் கொண்டுவந்தவர் கிருஷ்ணன். உங்கள் பிராஜெக்ட் டீமில் நாலு பேரில் யாருக்கு எவ்வளவு மார்க் என்று கைடு எப்படி முடிவு பண்ணுகிறார்? அதே சிக்கல்தான், அளவு பெரிது. பரிசைப் பங்கிட்டிருக்கலாம் என்பது என் கட்சி. நீங்கள் வேறு கட்சியாக இருக்கலாம். ஆனால் கிருஷ்ணன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை என்பதைக் கவனிக்கணும். பொதுவில் உரிமை கேட்டு அவர் ஒரு சண்டை போடவில்லை. 1928 டிசம்பரிலேயே, பரிசு அறிவிப்புக்கு இரண்டு வருஷம் முன்பே, டாக்கா பல்கலைக்கழகத்துக்கு ரீடராகக் கிளம்பிவிட்டார். அங்கே இயற்பியல் துறையில் சத்யேந்திரநாத் போஸ் இருந்தார், போஸானின் போஸ்.

கிளம்பும் முன்பே படிகங்களில் ராமன் விளைவு பற்றித் தனியாக ஒரு குறிப்பு நேச்சரில் வெளியிட்டிருந்தார். படிகம் அவரை இழுக்க ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இனி நமக்கும் கொஞ்சம் படிகம் தேவை.

காஞ்சிபுரத்தில் படிப்பவர்களுக்குப் படிகத்தை விளக்குவது சுலபம். சேலை உடலில் புட்டா வரிசையைப் பாருங்கள். ஒரு புட்டா, இவ்வளவு இடைவெளி, மறுபடி அதே புட்டா. ஜக்கார்டு அட்டைக் கோர்வை ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து வரும். திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னக் கட்டம்தான் அலகு செல். இப்போது ஒரு கட்டத்துக்குள் இரண்டு மயில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று இடப்பக்கம் சாய்ந்து, ஒன்று வலப்பக்கம் சாய்ந்து. தூரத்தில் நின்று பார்த்தால் சேலை முழுக்க ஒரே பளபளப்புதான் தெரியும். அந்தப் பளபளப்பை மட்டும் அளந்து, ஒவ்வொரு மயிலும் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல முடியுமா? கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட கணக்கு கிட்டத்தட்ட இதுதான். பளபளப்புக்குப் பதில் காந்தப் பண்பு.

நாஃப்தலீன், ஆந்த்ரசீன் மாதிரி மூலக்கூறுகள் தட்டையானவை. தட்டுக்குச் செங்குத்தான திசையில் காந்தப்புலம் வந்தால் அவை வலுவாக எதிர்க்கும், தட்டின் தளத்தில் வந்தால் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. அதனால் படிகத்தைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டால், தட்டுகள் புலத்துக்கு இணையாக வரும்படி அது தானே திரும்பப் பார்க்கும். எவ்வளவு பலமாகத் திரும்பப் பார்க்கிறது என்று அளந்தால், உள்ளே தட்டுகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று பின்னோக்கிக் கணக்குப் போடலாம்.

அளக்கிற விதம்தான் அழகு. வரதராஜப் பெருமாள் கோயில் நூறு கால் மண்டபத்து மூலையில் தொங்கும் கல் சங்கிலியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணனுக்குச் சங்கிலிக்குப் பதில் முடியைவிட மெல்லிய குவார்ட்ஸ் இழை, கல்லுக்குப் பதில் குட்டிப் படிகம். படிகம் தனக்குப் பிடித்த திசையில் புலத்தோடு ஒட்டி நிற்கிறது. மேலே இழையைப் பிடித்திருக்கும் தலையை மெதுவாக முறுக்குகிறோம். முறுக்கு ஏறுகிறது, படிகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது, காந்தப்புலம் அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பிடி, கோணத்தின் இருமடங்கின் சைன் மாதிரி மாறும். அப்படியென்றால் 45 டிகிரியில் உச்சம். அதைத் தாண்டினால் பிடி தளரும், முறுக்கு ஜெயிக்கும், படிகம் திடீரென்று சுழன்றுவிடும். அது எகிறும் அந்தத் தருணத்தில் மேலே எத்தனை கோணம் முறுக்கியிருந்தோம் என்று குறித்துக்கொண்டால் போதும். படிகத்தின் நிறை, இழையின் விறைப்பு, புலத்தின் வலிமை இவற்றோடு சேர்த்து, இரு திசைகளுக்கிடையிலான காந்த ஏற்புத்திறன் வேறுபாடு கையில் வந்துவிடும். ஒரு இழை, ஒரு காந்தம், ஒரு கோண அளவுகோல், நிறையப் பொறுமை. ஏழை நாட்டின் ஆய்வகத்தில் உலகத் தரமான துல்லியம் இப்படித்தான் வந்தது.

டாக்காவில் குஹா, பானர்ஜி போன்றவர்களோடு சேர்ந்து அவர் எழுதிய காந்தப் படிகக் கட்டுரை வரிசை 1933 முதல் ராயல் சொசைட்டி இதழில் வரத் தொடங்கியது. லண்டனில் காத்லீன் லான்ஸ்டேல் என்ற எக்ஸ்-கதிர் படிகவியலாளர் பென்சீன் வளையம் தட்டையானது என்று காட்டியவர். அவரும் கிருஷ்ணனும் சேர்ந்து 1936இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எக்ஸ்-கதிரில் இருந்து வரும் விடையும் இழையில் தொங்கும் படிகத்தில் இருந்து வரும் விடையும் ஒன்றையொன்று சரிபார்த்தன. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு படிக அமைப்பைக் கணக்கிடவே மாதக்கணக்காகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு இந்தக் கோணத்தில்தான் இருக்கும் என்று யாராவது முன்கூட்டியே சொன்னால் பாதி வேலை மிச்சம்.

1933இல் ராமன் பெங்களூர் போனதும் கிருஷ்ணன் கல்கத்தாவுக்கு, அதே கழகத்துக்கு, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பினார். இப்போது அவர் கவனம் நீரேறிய உலோக உப்புகள் பக்கம் போனது. இங்கேதான் நம் கெமிஸ்ட்ரி லேபும் சாயப் பட்டறையும் கதைக்குள் வருகின்றன.

மயில்துத்தம் தெரியும்தானே? சாயத்தைப் பிடிக்க வைக்கவும் பயன்படும், வயலில் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாகவும் தெளிப்பார்கள். காப்பர் சல்பேட், கூடவே ஐந்து நீர் மூலக்கூறு. சூடு பண்ணினால் நீர் போய் நீலமும் போய்விடும், வெள்ளைப் பொடிதான் மிஞ்சும். நிறம் தாமிரத்தினுடையது மட்டும் இல்லை, தாமிரத்தைச் சுற்றி நிற்கிற நீரும் சேர்ந்து கொடுப்பது என்று அந்த ஒரு சோதனையிலேயே தெரிகிறது. 1934இல் பீவர்ஸும் லிப்சனும் எக்ஸ்-கதிரில் இதன் அமைப்பைக் கண்டார்கள். ஒவ்வொரு தாமிர அயனியையும் சுற்றி நான்கு நீர் மூலக்கூறுகள் சதுரமாக, மேலும் கீழும் சல்பேட்டின் ஆக்சிஜன். ஐந்தாவது நீர் தாமிரத்தைத் தொடுவதே இல்லை, ஹைட்ரஜன் பிணைப்பில் தனியாகத் தொங்குகிறது. அலகு செல்லில் தாமிரம் இரண்டு, இரண்டின் அச்சும் வேறு வேறு திசையில், கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று செங்குத்தாக. நான் சொன்ன இரண்டு மயில் இதுதான்.

கிருஷ்ணனும் மூக்கர்ஜியும் இதே படிகத்தைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டார்கள். வெளித்தோற்றத்தில் மயில்துத்தப் படிகத்துக்குச் சமச்சீரே கிடையாது, மூன்று அச்சும் மூன்று விதமாகக் கோணிக்கொண்டு நிற்கும். காந்தத்தின் கண்ணுக்கோ அது கிட்டத்தட்ட ஒரே ஒரு சிறப்பு அச்சு உள்ள படிகம் மாதிரி நடந்துகொண்டது. யோசித்துப் பாருங்கள், ஏன் என்று பிடிபடும். இரண்டு தாமிரமும் செங்குத்தாகச் சாய்ந்திருந்தால், அந்த இரண்டு அச்சும் கிடக்கிற தளத்தில் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும். தளத்துக்குள் வேறுபாடு மறைந்துவிடும், தளத்துக்குச் செங்குத்தான திசை மட்டும் தனித்துத் தெரியும். எக்ஸ்-கதிர் சொன்னதும் இழை சொன்னதும் பொருந்தின.

இதோடு நிற்கவில்லை. டட்டன் உப்புகள் என்று ஒரு குடும்பம் உண்டு. அதில் நிக்கல், கோபால்ட், தாமிரம் என எந்த உலோகம் வந்தாலும் அதைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறு எண்முகியாக நிற்கும். எண்முகி கச்சிதமாக இருந்தால் காந்தத்துக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். அளந்தால் வேறுபாடு வருகிறது. அப்படியென்றால் எண்முகி லேசாக நசுங்கியிருக்கிறது. எவ்வளவு நசுங்கல், எந்தப் பக்கம் என்று கிருஷ்ணன் குழுவின் அளவீடுகள் சொல்லின. அமெரிக்காவில் வான் வ்ளெக் அப்போதுதான் உருவாக்கியிருந்த படிகப் புலக் கோட்பாட்டுக்குக் கையில் தொட்டுப் பார்க்கிற சான்றுகள் இந்த மாதிரி எண்களில் இருந்துதான் கிடைத்தன. இன்றைக்கு நமக்கு ஒரு யூனிட்டாக, ஐந்து மார்க் கேள்வியாக வரும் அதே படிகப் புலம்.

நம்மூர் கல்லூரிகளில் இயற்பியல் ஆய்வு என்றால் பல இடங்களில் படிகம் வளர்ப்புதான். அடுத்த முறை சீனியர் யாராவது சோதனைக் குழாயில் சோடியம் சிலிக்கேட் ஜெல் வைத்து, உள்ளே அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கலந்து, மேலே மக்னீசியம் அசிடேட் கரைசல் ஊற்றுவதைப் பார்த்தால் நின்று பாருங்கள். சில நாளில் ஜெல்லுக்குள் கண்ணாடித் துண்டு மாதிரி படிகம் முளைக்கும். ஸ்ட்ரூவைட், அதாவது மக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் ஹெக்ஸாஹைட்ரேட். சிறுநீரகத் தொற்றில் உருவாகும் கல்லும் இதே பொருள்தான், அதனால்தான் இதை வளர்த்துப் பார்க்கிறார்கள். இதிலும் மக்னீசியத்தைச் சுற்றி ஆறு நீர், டட்டன் உப்பில் பார்த்த அதே ஆறு பேர். சல்பேட் போய் பாஸ்பேட் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தப் படிகத்தை ராமன் நிறமாலைமானியில் வைத்தால் 1928இல் கிருஷ்ணன் கண்ணால் பார்த்த மங்கல் தடம் கம்ப்யூட்டர் திரையில் கூர்மையான சிகரங்களாக வரும். சென்டிமீட்டருக்கு 950 அலையெண் பக்கத்தில் ஓங்கி நிற்பது பாஸ்பேட்டின் நான்கு ஆக்சிஜனும் ஒன்றாக மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கும் அதிர்வு. தனியாக நிற்கும் பாஸ்பேட்டில் இந்த அதிர்வு அகச்சிவப்பு நிறமாலையில் தெரியவே கூடாது, ராமனில் மட்டும்தான் தெரியும். படிகத்துக்குள் அண்டை வீட்டு நீரும் அம்மோனியமும் நாலா பக்கமும் பிடித்து இழுப்பதால் நான்முகியின் சமச்சீர் குலையும், அகச்சிவப்பிலும் அது லேசாக எட்டிப் பார்க்கும். 3000க்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒரு அகலமான மேடு தெரிந்தால் அது நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகள். ஒரே படிகத்தில் கிருஷ்ணனின் இரண்டு வாழ்க்கையும் இருக்கிறது பாருங்கள்: சிதறிய ஒளி ஒன்று, உலோகத்தைச் சுற்றிய நீரின் வடிவம் இன்னொன்று.

மறுபடி அவரிடம் போவோம். 1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். கங்குலியோடு சேர்ந்து கிராஃபைட்டின் காந்தப் பண்பைத் துருவினார். பென்சில் முனைக்குள் எலக்ட்ரான்கள் அடுக்குக்குள்ளேயே தாராளமாக ஓடுகின்றன, அடுக்கு விட்டு அடுக்கு தாவத் தயங்குகின்றன என்கிற படம் அந்த வேலையில் தெளிவாகியது. இன்று கிராஃபீன் என்று நாம் செமினார் எடுக்கிற விஷயத்துக்கு ஒரு மூத்த தாத்தா. 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகம், அங்கே ஏ.பி. பாட்டியாவோடு உலோகங்களின் மின்தடை பற்றிய வேலை. 1946இல் சர் பட்டம். 1954இல் பத்ம பூஷண். 1958இல் பட்நாகர் பரிசு தொடங்கியபோது முதல் பரிசு இவருக்கு. பட்டியலை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1947இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைக்கத் தொடங்கியபோது முதல் இயக்குநராக அவரை அழைத்தார்கள். அந்த ஜனவரியில் நேரு அடிக்கல் நாட்ட, 1950 ஜனவரியில் படேல் திறந்துவைத்தார். 1948இல் அமைந்த அணுசக்தி ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் பாபா, பட்நாகரோடு கிருஷ்ணனும் ஒருவர். ஃபைல், கமிட்டி, கட்டடம், டெண்டர். குவார்ட்ஸ் இழையோடு இருட்டறையில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு இது என்ன மாதிரி மாற்றம் என்று நினைத்துப் பாருங்கள். நாட்டுக்கு மீட்டர் எது, கிலோ எது என்று சொல்லும் பொறுப்பு அந்த ஆய்வகத்துக்குத்தான். 1950களில் சேர், மணங்கு, பலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாடு மெட்ரிக் முறைக்கு மாறியபோது அடிப்படை அளவைகளைக் காத்து வைத்திருந்தது அங்கேதான். ஓட்டுப் போட்டதும் விரலில் வைக்கிற மையும் அங்கே உருவானதுதான். வெள்ளி நைட்ரேட் மை, 1962 பொதுத் தேர்தலில் இருந்து நம் விரலில். ஜரிகையில் இருக்கிற அதே வெள்ளி.

இத்தனைக்கும் நடுவில் ஆராய்ச்சியை அவர் விடவில்லை. எஸ்.சி. ஜெயினோடு சேர்ந்து, சூடான உலோகங்களில் இருந்து எலக்ட்ரான் வெளியேறுவதையும், மின்சாரத்தால் சூடாகும் கம்பிகளில் வெப்பநிலை எப்படிப் பரவும் என்பதையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பேனாவைக் கையெழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

தமிழ் விஷயத்தையும் சொல்லணும், இந்த மின்னிதழ் தமிழில் வருவதால் மட்டும் இல்லை. இயற்பியல் கட்டுரைகளை ராயல் சொசைட்டி இதழுக்கு எழுதிய அதே கை அறிவியலைத் தமிழிலும் எழுதியது. பழந்தமிழ் இலக்கியத்தில் ஊறியவர், வடமொழியிலும் நல்ல படிப்பு. டென்னிஸ் பிடிக்கும், கால்பந்து பிடிக்கும். கலைச்சொல் கிடைக்கவில்லை என்று தமிழில் அறிவியல் எழுதத் தயங்குகிற நண்பர்கள் நம் இதழ்க் குழுவிலேயே இருக்கிறார்கள். வத்திராயிருப்புக்காரருக்கு அந்தத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

1961 ஜூனில் இறந்தார். வயது 62. ராமன் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். டெல்லி பூசாவில் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இப்போது டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க் என்று பெயர். இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பம் போடுகிறவர்கள் கவரில் எழுத வேண்டிய முகவரியே அதுதான்.